பலகைக்கு அந்தப் பக்கம்

அன்று பஞ்சாயத்து அறையைவிட்டு நீங்கள் வெளியே போகாமல் இருந்திருந்தால், ஓட்டெடுப்பில் உங்கள் கை எந்தப் பக்கம் உயர்ந்திருக்கும்? ஐந்து வருஷமாக இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டிருக்கிறேன். பதில் எனக்குத் தெரியாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். நீங்களும் போன மாதம் போய்விட்டீர்கள்.

இன்று காலை அலமாரியின் மேல்தட்டிலிருந்து பழைய துணிப்பை ஒன்றை எடுத்து உதறினேன். தையலில் சிக்கிக் கிடந்த நாலைந்து மல்லி விதைகள் தரையில் விழுந்து உருண்டன. ஒன்றை எடுத்து நகத்தால் நசுக்கினேன். இத்தனை நாள் கழித்தும் மணம் இருந்தது. வெளியே மலைக் கணவாய் வழியாக வரும் காற்று பனைகளை உலுக்கிக்கொண்டிருந்தது. ஒரு நிமிஷம் நான் என் வீட்டில் இல்லை. உங்கள் கடைக்கு முன்னால், கையில் பையோடு நின்றுகொண்டிருந்தேன்.

உங்கள் பலசரக்குக் கடை எனக்குப் பகல் தூக்கத்தில் கண்ட இடம் போலத்தான் ஞாபகம் வருகிறது. கூரை ஓடுகளுக்கு நடுவே பதித்த ஒற்றைக் கண்ணாடி வழியாக வெயில் சாய்ந்து இறங்கும். அந்த வெளிச்சத்துக்குள் தூசி அவசரமே இல்லாமல் மிதக்கும். மூட்டைகள் சுவரில் சாய்ந்து உறங்கும். வாசலின் குறுக்கே, கைபட்டுக் கைபட்டு வழவழத்துப்போன நீளப் பலகை. அதன் ஓரத்தில் கீல் வைத்த ஒரு துண்டைத் தூக்கினால் உள்ளே போகலாம். போகிறவர் நீங்கள் மட்டும்தான். நாங்கள் இந்தப் பக்கம் நின்று கேட்போம், நீங்கள் அந்தப் பக்கம் எடுத்துத் தருவீர்கள். அதை யாரும் ஒரு சட்டமாகச் சொன்னதில்லை. ஊரில் ஒருவரும் தாண்டியதுமில்லை.

மல்லி கேட்டால் உடனே நிறுக்க மாட்டீர்கள். ஒரு விதையைக் கட்டைவிரலால் நசுக்கி என் உள்ளங்கையில் வைப்பீர்கள்.

"மோந்து பாருங்க டீச்சர். சரின்னாத்தான் நிறுப்பேன்."

நான் முகர்ந்து தலையாட்டிய பிறகே தகரக் கரண்டி மூட்டைக்குள் போகும். இருபது வருஷம் அப்படித்தான் நடந்தது. உங்களை ஊரே அழைத்தபடி ராவுத்தர் என்றுதான் நானும் அழைத்தேன். மல்லி, மிளகாய், மழை தவிர நாம் வேறெதுவும் பேசியதாக நினைவில்லை.

நான் கல்லூரியில் பொருளாதாரம் கற்பிக்கிறவள். சர்க்கரையும் மண்ணெண்ணெயும் திடீர் திடீரென்று காணாமல் போன அந்த வருஷங்களில், வியாபாரி என்ற சொல்லையே சந்தேகத்தோடுதான் உச்சரித்தேன். அப்போதுதான் கூட்டுறவுச் சங்கம் ஒன்று, நாற்சந்தியில் பூட்டிக் கிடந்த பஞ்சாயத்துக் கட்டடத்தில் சூப்பர் மார்க்கெட் வைக்க அனுமதி கேட்டது. உங்கள் கடைக்கு நேர் எதிரே. விலை எல்லோருக்கும் தெரியும்படி எழுதியிருக்கும், சாமானை அவரவரே எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். எனக்கு அது நியாயமான ஏற்பாடாகப் பட்டது. இப்போதும் படுகிறது.

நாம் இருவருமே பஞ்சாயத்து மெம்பர்கள். தேர்தல் தள்ளித் தள்ளிப் போனதில், வருஷக்கணக்காக அதே எட்டுப் பேர் அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அன்று காற்று பலமாக இருந்தது. ஒவ்வொரு காகிதத்தின் மேலும் ஒரு கூழாங்கல். தீர்மானத்தை வாசித்ததும், டீக்கடை வைத்திருந்த மெம்பர் பழனிச்சாமி முதலில் வாயைத் திறந்தார்.

"அவங்கவங்களே எடுத்துக்கறதுங்களா? அப்பறம் அவங்கவங்களே ஊட்டுக்குக் கொண்டுட்டுப் போயிருவாங்களே!"

எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை. கையிலிருந்த விதிப் புத்தகத்தைத் திறந்து, சொந்த லாபநஷ்டம் உள்ள விஷயத்தில் மெம்பர் ஓட்டுப் போடக் கூடாது என்ற வரியை உரக்கப் படித்தேன். "ராவுத்தர் வெளியே இருப்பதுதான் முறை" என்றேன்.

எல்லையோர ஊர் வழக்கப்படி மலையாளமும் தமிழுமாகப் பேசும் நம் பிரசிடென்ட் சங்கடப்பட்டார். "எந்தா டீச்சரே இது? நம்ம ராவுத்தரல்லே?"

பழனிச்சாமி விடவில்லை. "அங்க டீத்தூளும் விப்பாங்களாமுங்க. அப்ப நானும் வெளிய போகோணுமுங்களா?"

"உங்க கடை அந்தச் சந்தியில இல்லைங்க" என்றேன். அது பதிலே இல்லை என்று சொல்லும்போதே எனக்குத் தெரிந்திருந்தது. பழனிச்சாமி சூப்பர் மார்க்கெட் வரட்டும் என்ற கட்சி. அவர் கை எனக்கு வேண்டியிருந்தது.

நீங்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தீர்கள். "டீச்சர் சொல்றது சரிதானுங்க. நான் வெளிய நிக்கறேன். டீ வந்தா எனக்கும் ஒண்ணு அனுப்புங்க." கதவு காற்றில் அறைந்துகொள்ளாமல் பிடித்து, மெதுவாகச் சாத்திவிட்டுப் போனீர்கள்.

நான்கு கைகள் ஆதரவாக, மூன்று எதிராக. எதிர்த்த மூன்றில் பிரசிடென்ட்டும் ஒருவர். நீங்கள் உள்ளே இருந்து எதிர்த்திருந்தால் இரு பக்கமும் சமமாகி, பிரசிடென்ட் என்ற முறையில் அவருக்குள்ள கூடுதல் ஓட்டில் தீர்மானம் தோற்றுப்போயிருக்கும். நீங்கள் ஆதரித்திருந்தால், உங்கள் கடைக்கு எதிரே கடை வைக்க நீங்களே வழிவிட்டதாக ஊர் பேசியிருக்கும். இரண்டில் எது என்று நான் உங்களைக் கேட்கவே இல்லை. கூட்டத்துக்கு முன்பு கேட்க எத்தனையோ நாள் இருந்தது. எதிர்ப்பீர்கள் என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன்.

சூப்பர் மார்க்கெட் திறந்த முதல் வாரம், பெண்கள் உள்ளே போய் அலமாரித் தட்டுகளின் முன் வெறுமனே நின்றது ஞாபகமிருக்கிறதா? யாராவது வந்து என்ன வேண்டும் என்று கேட்பார்கள் எனக் காத்திருந்தார்கள். ஒருவரும் கேட்காததால் சிலர் வெறும் பையோடு தெருவைக் கடந்து உங்களிடமே வந்தார்கள். அது ஒரு வாரம்தான். பிறகு கைகள் பழகிவிட்டன. இரண்டு வருஷத்தில் நீங்கள் கடையை மூடிக் கோயம்புத்தூரில் இருந்த தம்பி வீட்டுக்கே போய்விட்டீர்கள்.

போன மாதம் துக்கம் கேட்க அங்கே போயிருந்தேன். கிளம்பும்போது உங்கள் மனைவியிடம் கேட்டே விட்டேன். "அந்த ஓட்டைப் பத்தி அவரு எப்பவாவது ஏதாச்சும் சொன்னாருங்களா?"

அவர் சற்று யோசித்தார். "கடை சமாச்சாரம் ஊட்டுல பேசவே மாட்டாருங்க. டீச்சரு மல்லி வாங்க வந்தாங்கன்னா மட்டும் சொல்லுவாரு." அதற்கு மேல் அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

மிக நல்லவர் என்று எழுதி முடித்துவிடுவது எளிது. இறந்தவர்களைப் பற்றி அப்படி எழுதும் வழக்கத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. நீங்கள் எதிர்த்திருக்கலாம். அதற்கு உங்களுக்கு எல்லாக் காரணமும் இருந்தது. எனக்கு மிஞ்சியிருப்பது ஒரு பழக்கம் மட்டும்தான். சூப்பர் மார்க்கெட்டில் ஒட்டிய உறைக்குள் இருக்கும் மல்லியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறேன். மணம் வராது என்று தெரிந்தும் மூக்கருகே கொண்டுபோகிறேன். கூட்டங்களில் யாரையாவது பற்றிப் பேச வாயெடுக்கும்போது, முதலில் அவரிடமே கேட்டோமா என்று ஒரு கணம் நிற்கிறேன்.

ஓட்டெடுப்புக்கு மறுநாள் நடந்ததை எழுதி நிறுத்திக்கொள்கிறேன்.

கடைக்கு வராமல் இருந்துவிடலாமா என்று நினைத்தேன். வராமல் இருப்பது அதைவிட மோசம் என்று தோன்றியது. பையை எடுத்துக்கொண்டு வந்தேன். வேறு யாரும் இல்லை. அரைக் கிலோ மல்லி என்றேன். நீங்கள் கரண்டியைத் தொடவில்லை. ஓரத்துக்கு வந்து, கீல் வைத்த பலகையைத் தூக்கிப் பிடித்தீர்கள்.

"உள்ள வாங்க டீச்சர்."

"எதுக்குங்க?"

"அங்க நம்மளே எடுத்துக்கோணுமாமுங்க. என்ன வேணும்னு யாரும் கேக்க மாட்டாங்களாமுங்க. இங்கயே பழகிக்குங்க."

உங்கள் முகத்தைப் பார்த்தேன். கோபமா, கேலியா, வெறும் உபசாரமா, என்னால் சொல்ல முடியவில்லை. தலை குனிந்து உள்ளே வந்தேன். அங்கிருந்து பார்க்கும்போது அது வேறு தெருவாக இருந்தது. நேர் எதிரே அந்தப் பூட்டிய கட்டடம் மட்டும்தான் தெரிந்தது. கரண்டியால் அள்ளித் தராசுத் தட்டில் கொட்டப் போனேன். கொஞ்சம் தரையில் சிந்தியது.

"நசுக்கிப் பாக்கலீங்களே" என்றீர்கள்.

ஒரு விதையை எடுத்து நசுக்கினேன். முகர்ந்தேன். பிறகு என்ன தோன்றியதோ, உள்ளங்கையை உங்கள் பக்கம் நீட்டினேன். நீங்கள் குனிந்து முகர்ந்து பார்த்தீர்கள்.

"சரிங்க. நிறுங்க."

நிறுத்தேன். உங்களைப் போலப் பொட்டலம் கட்ட எனக்குத் தெரியவில்லை. அப்படியே பைக்குள் கொட்டிக்கொண்டேன். நான் வெளியே வந்து தெருவில் இறங்கும்வரை, பலகையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றீர்கள்.