ஸ்காட்ச் பாட்டிலில் நான் ஊற்றியது

மார்ச் 9, ஞாயிறு

இன்று மதியம் முன்னறையில் இருந்தவர்கள்: என் வீட்டுக்காரர், அவருடைய நண்பர் கப்பல்காரர், எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன் தம்பி. சமையலறைக் கதவுக்குப் பின்னால் நான். வேறு யாரும் இல்லை.

குடித்த கணக்கு: இவர், ஸ்காட்ச், மூன்று கிளாஸ். தம்பி, தான் வாங்கிவந்த மலிவுச் சரக்கு, நான்கு கிளாஸ். கப்பல்காரர், ஸ்காட்ச், ஒரு கிளாஸ். அதையும் மூக்கருகே கொண்டுபோனதோடு சரி, வாயில் வைக்கவில்லை.

எதையும் எழுதி வைத்தால்தான் எனக்கு மனசு அடங்கும். இன்று எழுதியும் அடங்கவில்லை. நேற்று செய்ததையும் எழுதிவிடுகிறேன்.

பீரோ மேல் அந்த ஸ்காட்ச் பாட்டில், நான் பிரார்த்திக்கும் மூலையைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தது. கப்பல்காரர் கப்பல் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது இவருக்குக் கொடுத்தது. இவர் தினமும் மாலை தக்கையைத் திறந்து ஒரு முறை முகர்ந்துவிட்டு மூடிவைப்பார். நகர்த்தி வைக்கலாம் என்று எடுத்தேன். வெறுங்கையால் தொட மனம் வராமல் ஈரத்துணியால் பிடித்தேன். வழுக்கிச் சாய்ந்துவிட்டது. தக்கை சரியாக அழுந்தவில்லை போலும். உடையவில்லை, ஆனால் பாதிக்கு மேல் ஓடிவிட்டது.

இவர் அடிக்கிறவர் இல்லை. திட்டுகிறவரும் இல்லை. பேசாமல் இருந்துவிடுவார். ஒரு தடவை பதினோரு நாள். அந்தப் பதினோரு நாளும் எனக்குத்தான் தெரியும்.

சாமான் அறையில் தம்பியின் பாட்டில் இருந்தது. தன் வீட்டில் வைக்க முடியாது என்று வெள்ளிக்கிழமையே இங்கே ஒளித்துவிட்டுப் போயிருந்தார். நிறம் ஒன்றுதானே? குறைந்த அளவுக்கு அதிலிருந்து எடுத்து ஸ்காட்சில் ஊற்றினேன். தம்பியின் பாட்டிலைக் குழாய்த் தண்ணீரால் நிரப்பினேன். பிறகு கை கழுவிவிட்டுப் பிரார்த்தனைக்கு உட்கார்ந்தேன். ஒரு வரிகூட ஓடவில்லை.

இன்று அவர்கள் பேசிய பேச்சை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, பயமும் வருகிறது.

கப்பல்காரர், "இது பன்னெண்டு வருஷம் பீப்பாய்ல தூங்கி எழுந்ததுப்பா. எடுத்தவுடனே மடக்குனு குடிக்கக் கூடாது. ரெண்டு சொட்டுத் தண்ணி விட்டுட்டுக் காத்திருக்கணும்" என்றார்.

"எனக்குத் தூங்கி எழுந்தது வேணாம்ணே. என்னைத் தூங்க வெச்சா போதும்" என்றார் தம்பி.

இவர் தம்பியின் பாட்டிலை எடுத்துக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். அச்சகத்தில் ப்ரூஃப் பார்க்கும் கண் சும்மா இருக்குமா? "விஸ்கியில ஒரு எழுத்தைக் காணோம். லேபிள்லயே பிழை விட்டவன் உள்ள என்னத்தைப் பார்த்து ஊத்தியிருப்பான்? நான் தொட மாட்டேன்."

"நான் என்ன எழுத்தையா குடிக்கப் போறேன்?"

பிறகு இவர் தன் கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "பாருங்க, புகை வாசனை. பின்னாடியே காஞ்ச திராட்சை" என்றார். நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். கப்பல்காரர் முகர்ந்தார். இவரை ஒரு பார்வை பார்த்தார். "வயிறு சரியில்ல, இன்னைக்கு வேணாம்" என்று கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

தம்பிக்கு மட்டும் குறை. "கடைக்காரன் தண்ணி கலந்துட்டான்ணே. ஏறவே மாட்டேங்குது."

மார்ச் 10, திங்கள்

காலை எட்டு மணி. தம்பியின் மனைவி கதவைத் தட்டினாள். "அக்கா, விடியறதுக்கு முன்னாடிலேர்ந்து வாந்தி. கண்ணு முன்னாடி வெள்ளையா மூடியிருக்குன்னு சொல்றாரு." ஆட்டோவில் ஏற்றிவிட்டோம்.

இவர் தலைவலி என்று மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார். "அதான் நேத்தே சொன்னேன், பிழையான லேபிள்னு. நல்லவேளை நான் ஸ்காட்ச் மட்டும்தான் குடிச்சேன்" என்றார். செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னார். சொல்லியிருக்க வேண்டும். அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. படியிறங்கிப் போய்விட்டார்.

சாமி, சாமி, சாமி.

அதே நாள், மூன்று மணி

அச்சகத்திலிருந்து போன். எழுத்தெல்லாம் கரைந்து ஓடுகிறது என்றாராம். நாற்காலியிலிருந்து எழ முடியவில்லையாம். நேராக ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார்கள். இந்த நோட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஏன் போட்டுக்கொண்டேன் என்று தெரியவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

வார்டு வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். நோட்டு மடியில் இருக்கிறது, எழுத்து கோணலாக வரும்.

நேற்று டாக்டரம்மா இவரைப் பார்த்துவிட்டு, "என்ன குடிச்சார்?" என்று கேட்டார். இவர் கண்ணை மூடிக்கொண்டு, "ஸ்காட்ச் மட்டும்" என்றார். டாக்டரம்மா குழம்பிப்போய் நின்றார். அவரை வெளியே கூப்பிட்டு நோட்டைத் திறந்து ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தைக் காட்டினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக என் நோட்டை இன்னொருவர் படிக்கிறார். அவர் படித்து முடிக்கும்வரை நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். "யார் எதை எத்தனை கிளாஸ்னு இவ்வளவு சுத்தமா யாரும் எனக்குச் சொன்னதில்லம்மா. இல்லேன்னா நான் இன்னும் வேற என்னவோ தேடிட்டு இருந்திருப்பேன்" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

பிறகு விளக்கினார். அந்த மலிவுச் சரக்கில் இருந்தது குடிக்கிற சாராயமே இல்லை, விஷம். முறிக்கிற மருந்து வேறு ஊரிலிருந்து வண்டியில் வருகிறது. ரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரத்துக்கும் ஏற்பாடு நடக்கிறது. "அதுவரைக்கும் நல்ல சாராயத்தைக் கொடுத்து, இந்த விஷம் உடம்புல வேலை செய்யாம தடுத்து வெக்கணும். சீல் உடைக்காத, நம்பிக்கையான பாட்டில் ஒண்ணு வேணும். உடனே."

எனக்குத் தெரிந்த நம்பிக்கையான பாட்டில் உலகத்தில் ஒருவரிடம்தான் உண்டு. கப்பல்காரருக்குப் போன் செய்தேன்.

மூச்சிரைக்க வந்தார். "பேரன் பொறந்தா திறக்கணும்னு வெச்சிருந்தேன்" என்றார். சீலை உடைக்க அவருக்குக் கை வரவில்லை, அவ்வளவு பதற்றம். நான் வாங்கித் திருகினேன். துணி இல்லை, ஒன்றும் இல்லை. வெறுங்கை. நர்ஸ் அளந்து ஊற்ற ஊற்ற நான் பாட்டிலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா சொன்ன அளவையும் நேரத்தையும் எழுதினேன்: நான்கரை, ஐந்தரை, ஆறரை. ஒவ்வொரு தடவையும் பிரார்த்தனை. கையில் பாட்டிலோடு பிரார்த்தித்தால் கேட்கப்படுமா? கேட்கப்பட்டதா?

கப்பல்காரர் கட்டிலருகே குனிந்து, "இந்தச் சரக்கை அவுன்ஸ் கிளாஸ்ல மருந்தா குடிக்கிற முதல் ஆளு நீதான்டா. எப்படி இருக்கு, சொல்லு" என்றார்.

"ருசியே தெரியல. நீ எங்க நிக்கிற?" என்றார் இவர்.

கப்பல்காரர் நின்றது இவர் முகத்துக்கு நேராக.

மார்ச் 12, புதன்

மருந்து வந்துவிட்டது. இயந்திரம் ஓடுகிறது. உயிருக்குப் பயமில்லை என்கிறார்கள். கண்ணைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

மார்ச் 13, வியாழன்

அறையில் விளக்கு எரிகிறதா என்று என்னைக் கேட்டார். எரிந்துகொண்டிருந்தது.

மார்ச் 15, சனி

தம்பி பக்கத்து வார்டில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். பார்வை தெளிகிறது. குடித்ததில் முக்கால்வாசி தண்ணீராக இருந்ததால் தப்பித்தாராம். "அக்கா, தண்ணி கலந்து ஏமாத்தின அந்தக் கடைக்காரன் நூறு வருஷம் நல்லா இருக்கணும்!" என்று கையெடுத்துக் கும்பிட்டார். நான் தட்டைக் கழுவப் போய்விட்டேன். அவர் பாட்டிலிலிருந்து எடுத்ததுதானே இவருக்குள் போயிற்று?

மாலை கப்பல்காரர் வந்தார். இவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, "போலிச் சரக்கைக் கொடுத்து என் கண்ணைப் பிடுங்கிட்டியே. முப்பது வருஷப் பழக்கம். நீ மட்டும் அன்னைக்கு ஏன் குடிக்கலன்னு இப்பதான் புரியுது. இனிமே இங்க வராதே" என்றார்.

கப்பல்காரர் திரும்பி வெளியே நடந்தார். வராந்தாவில் அவர் பின்னாலேயே ஓடி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"மோந்தப்பவே தெரிஞ்சுதும்மா. இது நான் கொடுத்தது இல்லைன்னு. இவன்தான் காலி பண்ணிட்டு மட்டமானதை ஊத்தி வெச்சிருக்கான், கேட்டா அவமானப்படுவான்னு வாயை மூடிட்டேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தா இவன் குடிச்சிருக்க மாட்டான்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பழி என் பேர்லயே இருக்கட்டும். நீ அவனோட இருந்தாகணும். சொல்லாத."

சரி என்று தலையாட்டினேனா? ஆட்டினேன் என்றுதான் நினைக்கிறேன்.

மார்ச் 18, செவ்வாய்

கதவின் ஓரம் தெரிகிறது என்றார். என் புடவை பச்சையா என்றார். நீலம்.

மார்ச் 21, வெள்ளி

நீலம் என்று அவரே சொன்னார்!

மார்ச் 23, ஞாயிறு

செய்தித்தாளின் தலைப்பைப் படித்துவிட்டார். இரண்டு எழுத்துப் பிழை பிடித்து, "இதை எவன் பார்த்தான்?" என்று கோபப்பட்டார். நர்ஸ் சிரித்தாள். நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

கைப்பட எழுதியதைத் தினமும் கொஞ்சம் படித்துப் பழகட்டும் என்றார் டாக்டரம்மா. "பெரிய எழுத்தா ஏதாவது எழுதிக் கொடேன்" என்று இவர் என்னிடம் கேட்கிறார்.

கப்பல்காரர் கீழே மருந்துக்கடை வரை வந்து, என்னிடம் விசாரித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார். மேலே வருவதில்லை.

மார்ச் 24, திங்கள்

இந்தப் பக்கத்தைப் பெரிய எழுத்தில், வரிக்கு வரி இடம் விட்டு எழுதுகிறேன். இது உங்களுக்கு.

அலமாரியில் விரிக்க நீங்கள் கொண்டுவந்த பழைய ப்ரூஃப் தாள்களைப் பார்த்து எழுதப் பழகியவள் நான். என் நோட்டை நீங்கள் ஒருநாளும் திறந்ததில்லை. நாளைக் காலை இதை உங்கள் தலையணைக்குப் பக்கத்தில் வைப்பேன். உங்களுக்குப் படிக்க முடிய வேண்டும் என்று பிரார்த்திக்கிறேன். நீங்கள் படித்துவிடுவீர்களே என்று நடுங்குகிறேன்.

கப்பல்காரர் கொடுத்தது நல்ல சரக்கு. உங்களைக் காப்பாற்றியதும் அவருடைய சரக்குதான். அந்த பாட்டிலில் கெட்டதை ஊற்றியது நான். உங்கள் மௌனத்துக்குப் பயந்து ஊற்றினேன். அதே பயத்தில் திங்கட்கிழமை காலை உங்களைப் படியிறங்க விட்டேன். விவரமெல்லாம் மார்ச் 9ஆம் தேதிப் பக்கத்தில் இருக்கிறது. அந்த எழுத்து சின்னது, மெதுவாகப் படியுங்கள்.

பிழை இருந்தால் சிவப்பு மையில் சுழியுங்கள். திட்டுவதானால் திட்டுங்கள். நான் வராந்தா பெஞ்சில்தான் இருப்பேன்.

சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.