தெய்வசிகாமணி குடிப்பதில்லை

ரெட்டியார்பாளையம்
9.8.2025

பூர்ணிமா மேடம் அவர்களுக்கு,

தனக்கொடி எழுதுவது. நானும் என் வீட்டுக்காரரும் உடம்பால் சுகம். மனசால் இல்லை. போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் கேட்டால் ஒரு கும்பிடு பொம்மை வருகிறது. காரைக்காலுக்கு மாற்றலாகிப் போனாலும் அங்கேயும் தபால்காரர் இருப்பார் அல்லவா? அதனால்தான் கடிதம்.

போன வாரம் நம் தொழிற்பயிற்சி நிலையத்தில் விருது விழா நடந்தது. நாற்பதைத் தாண்டித் தொழில் படிக்க வந்தவர்களில் சிறந்த மாணவி நான்தானாம். ஏசி மெக்கானிக் படிப்பில் பெண் என்பதால் இன்னும் விசேஷமாம். என் வீட்டுக்காரர் தெய்வசிகாமணி காலையிலேயே ஆட்டோவைக் கழுவி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, ஸ்டாண்டிலிருந்து அம்மாவாசை அண்ணனையும் கூட்டிவந்து உட்கார்ந்திருந்தார்.

மேடையில் என்னைப் பற்றி வாசித்தார்கள். "வேலை பார்த்த மில் மூடிய பிறகு, குடிகாரக் கணவனின் அடி உதைகளைத் தாங்கிக்கொண்டு, அவனுக்குத் தெரியாமல் ஒளிந்து ஒளிந்து படித்து..."

கூட்டம் கைதட்டியது. வேறு யாரையோ சொல்கிறார்கள் என்று நினைத்து அவர் அக்கம் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் மேடையேறியதும்தான் அவருக்குப் புரிந்தது. தலையைக் குனிந்துகொண்டார்.

அவருக்குத் தெரியாமலா படித்தேன்? தினமும் சாயங்காலம் லாஸ்பேட்டை நிலையத்துக்கு என்னைக் கொண்டுவந்து விட்டது யார்? நீங்கள் வகுப்பு நடத்தி முடிக்கிறவரை வாசலில் காத்திருந்தது யார்? அவர் கையால் அவித்த சுண்டலை நீங்களும்தானே தின்றீர்கள்?

மறுநாள் என் படத்தோடு பேப்பரிலும் வந்துவிட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப் போவதுதான் அவருடைய பிழைப்பு. ஒரு அம்மா போன் செய்து, "தப்பா எடுத்துக்காதீங்க. பொம்பளப் புள்ளைய எப்படி நம்பி அனுப்புறது?" என்றார். அந்த அம்மாவைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராகப் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். இப்போது காலை நேரத்தில் ஆட்டோ வாசலிலேயே நிற்கிறது.

மேடையில் வாசித்த குறிப்பை எழுதிக் கொடுத்தது நீங்கள்தான் என்று நிலையத்து ஆபீசில் சொன்னார்கள். ஏன் எழுதினீர்கள்?

தெ. தனக்கொடி


காரைக்கால்
16.8.2025

அன்புள்ள தனக்கொடி அக்காவுக்கு,

வகுப்புக்கு வெளியே "அடியே பூர்ணிமா" என்றுதான் கூப்பிடுவீர்கள். கடிதத்தில் "மேடம்" என்று பார்த்ததுமே உங்கள் கோபம் புரிந்துவிட்டது. போனை எடுக்காதது பயத்தினால்தான்.

உங்களுக்கு விருது கிடைக்க வேண்டும் என்று நினைத்தே செய்தேன், அக்கா. போன வருஷம் மாலாவைப் பற்றி உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பினேன். அந்த வகுப்பிலேயே கெட்டிக்காரி அவள். "கதை ஒண்ணும் இல்லையேம்மா" என்று தள்ளிவிட்டார்கள். இந்த வருஷம் "நீங்க கடந்து வந்த தடை என்னக்கா?" என்று உங்களைக் கேட்டேன். "ஒரு தடையும் இல்லடி, எல்லாம் அவரு பாத்துக்கிட்டாரு" என்று சிரித்தீர்கள். அதை எழுதினால் யார் கொடுப்பார்கள்?

அண்ணன் பெயரை நான் எங்கும் போடவில்லை. பேப்பர் வரை போகும் என்றும் நினைக்கவில்லை. நான் ஒப்பந்தத்தில் வேலை பார்ப்பவள். இப்போது மறுத்து எழுதினால் என் வேலையும் போகும், உங்கள் விருதும் போகும். சனங்கள் சீக்கிரம் மறந்துவிடுவார்கள். கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளுங்கள் அக்கா.

உங்கள்,
பூர்ணிமா


ரெட்டியார்பாளையம்
20.8.2025

அடியே பூர்ணிமா,

பெயரைப் போடவில்லையாம்! எனக்கு எத்தனை புருஷனடி?

தடை இல்லை என்று நான் சொன்னது வீட்டுக்குள்ளே. வெளியே இருந்த தடை உனக்குத் தெரியாதா? பயிற்சிக்கு அனுப்பிய கம்பெனியில் "லேடீஸ்லாம் ஏணி ஏறுவீங்களா?" என்று கேட்டு, என்னைப் போன் எடுக்கிற மேசையில் உட்கார வைத்தார்கள். ஒர்க்‌ஷாப் பக்கம் பெண்களுக்குக் கக்கூஸ் கிடையாது என்று தண்ணீர் குடிக்காமல் கிடந்தோமே, நீயும் கூடத்தானே கிடந்தாய்? அதையெல்லாம் ஏன் எழுதவில்லை? அதற்குப் பொறுப்பானவர்கள் விழாவில் முன்வரிசையில் மாலையோடு உட்கார்ந்திருந்தார்கள். ஆட்டோக்காரன்மேல் பழி போட்டால் கேட்பதற்கு ஆள் இல்லை.

இன்னொன்றும் கேட்கிறேன். நம் வகுப்பில் வேம்பு படிப்பைப் பாதியில் விட்டுப் போனாளே, அவள் வீட்டில் நடந்ததைத்தானே எடுத்து என் தலையில் கட்டினாய்? நிஜமாகவே அடி வாங்கினவளை ஏன் வரவில்லை என்று அந்த நிலையத்தில் ஒருவரும் கேட்கவில்லை. அவள் பட்ட அடிக்கு எனக்குக் கைதட்டுகிறார்கள்!

நேற்று நாங்கள் இரண்டு பேரும் நிலையத்து இயக்குநரைப் பார்க்கப் போனோம். "மத்த பொம்பளைங்களுக்கு இது ஒரு ஊக்கம்மா. உங்களுக்குப் பெருமைதானே?" என்றார். என்னை உட்காரச் சொன்னார். என் வீட்டுக்காரரை நிற்க வைத்தே பேசினார். நானும் உட்காரவில்லை.

வரும் திங்கட்கிழமை காலையில் பள்ளிக்கூட வாசலில் நின்று, வருகிற தாய்மார்களிடம் நானே சொல்லப் போகிறேன். ஆனால் "பாவம், அடிக்குப் பயந்து சொல்றா" என்றுதான் நினைப்பார்கள். என் புருஷன் நல்லவர் என்று நான் சொன்னாலும் நம்ப முடியாதபடி செய்துவிட்டாயே, அதுதானடி எனக்கு ஆறவில்லை. பொய் உன்னுடையது. நீ சொன்னால்தான் அது போகும்.

தனக்கொடி


ரெட்டியார்பாளையம்
12.9.2025

அன்புள்ள பூர்ணிமாவுக்கு,

அந்தத் திங்கட்கிழமை நீ வருவாய் என்று நான் நினைக்கவே இல்லை. காரைக்காலிலிருந்து பஸ் பிடித்து நேரே பள்ளிக்கூட வாசலுக்கு வந்தவளை ஒரு காபிகூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டேன் என்று அவர் இன்றுவரை என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறார்.

"நான்தாங்க பொய் எழுதினேன். அவரு குடிக்க மாட்டாரு, யாரையும் அடிக்க மாட்டாரு" என்று அத்தனை தாய்மார்கள் முன்னாலும் நீ சொன்னாய். "படிச்சவங்க செய்யுற வேலையாம்மா இது?" என்று ஒரு அம்மா கேட்டாள். அதையும் நின்று வாங்கிக்கொண்டாய். பிள்ளைகள் மறுபடியும் ஆட்டோவில் ஏறுகிறார்கள். எல்லோரும் இல்லை.

பேப்பருக்கு நீ உன் பெயரில் எழுதிய மறுப்பை அவர்கள் எப்படிப் போட்டார்கள் தெரியுமா? "தன் கணவருக்குக் குடிப்பழக்கம் இல்லை எனத் தனக்கொடி தெரிவித்துள்ளார்" என்று ஒரு மூலையில், விளம்பரத்துக்குக் கீழே. பொய்க்குப் படம் போட்டார்கள், உண்மைக்கு மூலை! அவர் அதை இரண்டு தரம் படித்துவிட்டு, "நீ தெரிவிச்சேன்னுதான் போட்டிருக்கான். நான் குடிக்கலைன்னு அவன் ஒத்துக்கல" என்று சிரித்தார். அந்த விழாவுக்குப் பிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான்.

நிலையத்திலிருந்தும் போன் வந்தது. என்னைப் பற்றிய குறிப்பைத் திருத்தி எழுதுகிறார்களாம், தடைகள் என்று என்ன போடுவது என்று கேட்டார்கள். "உங்க முன்வரிசையில உக்காந்திருந்தவங்க பேரைப் போடுங்க" என்றேன். போனை வைத்துவிட்டார்கள்.

உன் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை என்று நிலையத்து ஆசிரியர் தணிகாசலம் சொன்னார். பொய் எழுதியபோது பாராட்டினவர்கள், நிஜத்தைச் சொன்னதும் வெளியே தள்ளுகிறார்கள். நானும் மாலாவும் போய்ச் சத்தம் போட்டுவிட்டு வந்தோம். பலன் இருக்குமோ தெரியாது. மாலாவும் நானும் தேங்காய்த்திட்டில் ஒரு ஐஸ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறோம். அங்கே ஏணியும் உண்டு, நாங்கள் ஏறுவதும் உண்டு.

"சின்னப் பொண்ணு, நல்லதுன்னு நெனச்சு செஞ்சுட்டா, விடு" என்கிறார் அவர். எனக்கு அவ்வளவு பெரிய மனசு இல்லையடி. உன்மேல் இருக்கிற கோபம் இன்னும் போகவில்லை. எப்போது போகும் என்றும் தெரியவில்லை.

ஆயுத பூஜைக்கு வீட்டுக்கு வந்துவிடு. கோபத்தோடேயே சோறு போடுகிறேன்.

உன் அக்கா,
தனக்கொடி