எலுமிச்சைக்கு இரும்பு

ஜூன் 2
நல்ல வெயில். மாடித் தரையில் கால் வைக்க முடியவில்லை. எலுமிச்சைத் தொட்டியில் புது இலை எல்லாம் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. பழைய இலை மஞ்சளானால் மெக்னீசியம் குறைவு, புது இலை என்றால் இரும்பு. போனில் பார்த்தது. காசிமேட்டில் பழைய படகு உடைக்கிற இடத்தில் துருப்பிடித்த ஆணி ஒரு கைப்பிடி வாங்கி, உப்புப் போகக் கழுவி, மண்ணில் புதைத்தேன்.

என் வீட்டுக்காரி ஸ்டெல்லாவுக்கு ஏழாம் மாதம். அவளுக்கும் இரும்புதான் குறைவு. ஹெல்த் சென்டரில் சிவப்பு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். "உனுக்கும் இரும்பு வோணும், செடிக்கும் இரும்பு வோணும்" என்றேன்.

"மொதல்ல வூட்டுக்குத் தண்ணி புடி."

ஜூன் 18
எண்ணூர்ப் பக்கமிருந்து புகை. காயப்போட்ட துணியெல்லாம் கரி. ஆனால் எலுமிச்சைத் துளிர் பச்சை! கன்டெய்னர் யார்டு முழுக்க போட்டோ காட்டினேன். கூட வேலை செய்யும் பஷீர் தன் கறிவேப்பிலைக்கு ஆணி கேட்டான். கொடுத்தேன். பெருமை தாங்கவில்லை.

ஜூன் 20
ஸ்டெல்லாவோடு சென்டர். ரத்தம் ஏறவே இல்லை.

"மாத்திர கரெக்டா போடுறியா?" நர்ஸ்.

"போடுறேன் சிஸ்டர்."

"அப்ப ஏன் எறங்கிக்கினே போவுது? இப்டியே போனா பிரசவத்துல தாங்காதும்மா."

தாங்காது. ஆட்டோவில் வரும் வழியெல்லாம் அந்த வார்த்தைதான். பயமாக இருக்கிறது. வாங்க வேண்டியது: பேரீச்சம்பழம், முருங்கைக்கீரை, ஈரல்.

ஜூலை 1
பஷீர்: "இன்னா மாமு, உன் ஆணி டுபாக்கூரு. எஞ்செடி அப்டியே மஞ்சளா கீது."

கோபத்தில் மறுபடி போனில் தேடினேன். துரு என்பது இரும்பும் ஆக்ஸிஜனும் சேர்ந்தது. தண்ணீரில் கரையாது. வேருக்குக் கடிக்கத் தெரியாது, கரைந்ததைக் குடிக்கத்தான் தெரியும். அப்படியானால் என் செடி எதைக் குடித்தது?

வீட்டுக்கு வந்ததும் தொட்டியைக் கிளறினேன். ஆணிக்குப் பக்கத்தில் பாதி கரைந்த சிவப்பு மாத்திரைகள்.

கத்திவிட்டேன். ஸ்டெல்லா அழுதாள். "போட்டா கொமட்டுதுய்யா. வாயெல்லாம் இரும்பு நாத்தம். குப்பைல போட மன்சு வர்ல. செடிக்கும் அதான் வோணும்னு நீதான சொன்ன?"

நான்தான் சொன்னேன்.

"சிஸ்டர் கைல சொல்லாத. மானம் பூடும்."

ஜூலை 2
சொன்னேன். திட்டு எனக்குத்தான். "கூடவே கீற. ஒரு நாளாவது அவ முழுங்குறத நின்னு பாத்தியா?" இல்லை.

சாப்பிட்ட பிறகு, எலுமிச்சைச் சாறோடு போட வேண்டும். புளிப்பு இருந்தால்தான் இரும்பு உடம்பில் நன்றாகச் சேருமாம். டீ கூடாது. அப்படியும் ஏறாவிட்டால் ஊசி.

மதியம் என் முன்னால் முழுங்கினாள். நாக்கை நீட்டிக் காட்டினாள்.

ஜூலை 24
காற்றே இல்லை. நாளை மறுபடி ரத்தம் எடுக்கிறார்கள். வேலையில் மனம் நிற்கவில்லை. ஷிப்ட் மாறியதிலிருந்து அவள் முழுங்குவதை நேரில் பார்க்க முடிவதில்லை. கேட்டால் "போட்டேன்" என்கிறாள். முன்பும் அதைத்தான் சொன்னாள். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன், முடியவில்லை. மாடிக்குப் போனேன்.

எலுமிச்சையில் புதுத் துளிர். மஞ்சள். நரம்பு மட்டும் பச்சை. தொட்டியைக் கிளறினேன். ஆணி மட்டும்தான். குப்பையில் போட அவளுக்கு மனசு வராது. அப்படியே வெறுந்தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கீழிருந்து ஸ்டெல்லா: "இன்னாய்யா ஆச்சு செடிக்கு?"

"மறுபடி மஞ்சளா பூட்ச்சு" என்றேன். சிரிப்பை அடக்க முடியவில்லை.