மகோமேயிலிருந்து சுமாகோவுக்கு எட்டுக் கிலோமீட்டர்

அஜ்மான்
8 அக்டோபர் 2024

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போன்ல பேசினா சண்டையாகுது, மெயில்ல எழுதி அனுப்புன்னு சொன்னீங்க. எழுதிட்டேன்.

இந்த வீட்டு ஒப்பந்தம் இருபதாம் தேதியோட முடியுது. இருக்கீங்களா, காலி பண்றீங்களான்னு வாட்ச்மேன் தினமும் கேக்குறாரு. நான் வேலை பார்க்கிற பார்மசியிலயும் இப்பவே சொன்னாத்தான் வேற ஆள் போடுவாங்க. உங்க கம்பெனி பேமிலி குவார்ட்டர்ஸ் தர்றேன்னு சொல்லி ரெண்டு மாசமாச்சு. நான் கத்தார் வரட்டுமா, இங்கயே இருக்கட்டுமா? நமக்குக் கல்யாணமாகி நாலு வருஷமா நான் அஜ்மான்ல, நீங்க கத்தார்ல ராஸ் லஃபான்ல. ஜப்பான் ட்ரெய்னிங் முடியட்டும்னு இதையும் தள்ளிப்போடாதீங்க.

அங்க குளிராம். ஸ்வெட்டர் போடுங்க.

பதில் எதிர்பார்க்கும்,
நஜீஹா

நகோயா
14 அக்டோபர் 2024

அன்பு நஜீஹா,

வ அலைக்கும் ஸலாம். நேத்து லீவு. பழைய காலத்து ராஜபாட்டை ஒண்ணு இங்க இருக்கு, நாகசெண்டோன்னு பேரு. அதுல மகோமேங்கிற ஊர்ல இருந்து சுமாகோங்கிற ஊர் வரைக்கும் நடந்தேன். ஊருக்குள்ள கல்லு பாவின ஏத்தம், அப்புறம் காடு. கரடி வராம இருக்க வழியில மணி தொங்க விட்டிருக்கான். நான் ஒண்ணு விடாம அடிச்சேன். பாதி வழியில ஒரு பழைய வீட்ல டீ சும்மாவே குடுக்குறாங்க.

சாப்பாடுதான் விஷயம். சோறை இடிச்சு, குச்சியில ஒட்டி, அக்ரூட் மசாலா தடவி நெருப்புல வாட்டித் தர்றான். மசாலாவுல மது சேர்க்கலைன்னு கேட்டுக்கிட்டுத்தான் தின்னேன். கஷ்கொட்டை இனிப்பும் ஒண்ணு, வாயில வச்சா கரையுது.

குச்சி விக்கிற அம்மா போன்ல மொழிபெயர்த்து, ‘குடும்பம் வரலையா?’ன்னு கேட்டாங்க. பழக்க தோஷம், ‘பேச்சலர்’னு சொல்லிட்டேன். பாவம், சமைச்சுப் போட ஆளில்லாத புள்ளைன்னு நினைச்சு ரெண்டு குச்சி கூடக் குடுத்தாங்க. நானும் வாங்கித் தின்னுட்டேன். சிரிப்பு தாங்கல.

வீட்டு விஷயம் இன்ஷா அல்லாஹ் பார்க்கலாம்.

அன்புடன்,
அஹ்சன்

அஜ்மான்
15 அக்டோபர் 2024

மச்சானுக்கு,

ஸலாம். கடிதத்தை மூணு தடவை படிச்சேன், என் கேள்விக்குப் பதில் எங்கயாவது இருக்கான்னு. கடைசியில ஒரு வரி இருக்கு. நீங்க ‘இன்ஷா அல்லாஹ் பார்க்கலாம்’னு சொன்ன எதுதான் இதுவரைக்கும் நடந்திருக்கு? நடக்காதுன்னு நேரா சொல்லக் கூச்சப்படும்போதுதான் அல்லாஹ் பேரை இழுப்பீங்க.

அஜ்மான் வந்தா கடற்கரை வரைக்கும் நடக்கலாம்னா கால் வலிக்குதும்பீங்க. அங்க எட்டுக் கிலோமீட்டர், ஏத்தம் வேற. நடங்க, சந்தோஷம். எனக்கு எரிச்சல் அதுல இல்ல.

உங்க கம்பெனி கேம்ப்ல பொண்டாட்டி கூட இல்லாதவன் எல்லாருமே பேச்சலர்தான், எனக்கும் தெரியும். ஆனா அந்த அம்மாவுக்கு அது தெரியுமா? உங்களுக்குக் கல்யாணமே ஆகலைன்னுதானே அவங்க இரக்கப்பட்டாங்க? இல்லம்மா, வீட்ல ஒருத்தி இருக்கான்னு சொல்ல உங்களுக்கு ஏன் தோணல? இதை எனக்கு ஜோக்குன்னு வேற எழுதுறீங்க. படிச்சுட்டு அழுதேன்.

வரட்டுமா, வேண்டாமா? ஒரே வார்த்தை போதும்.

நஜீஹா

நகோயா
17 அக்டோபர் 2024

நஜீஹாவுக்கு,

ஸலாம். ஒரு சொல்லைப் பிடிச்சுக்கிட்டு நீ இவ்வளவு பெரிசு பண்ணுவேன்னு நினைக்கல. எல்லாரும் சொல்றதைத்தான் நானும் சொன்னேன்.

உண்மையைக் கேட்டியே. குவார்ட்டர்ஸ் ஃபாரம் என் பையிலதான் இருக்கு. என் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. போடணும்னு எடுப்பேன், மறுபடி வச்சிடுவேன். டூட்டி, மெஸ், என் கட்டில்னு பழகிப்போச்சு. அன்னிக்கு நடந்ததும் தனியா நடந்ததாலதான் நல்லா இருந்துச்சோன்னு தோணுது. உன் மேல வெறுப்பு இல்ல. இன்னும் ஒரு வருஷம் குடேன்.

அஹ்சன்

அஜ்மான்
20 அக்டோபர் 2024

மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். முதல் தடவையா நேராப் பதில் சொல்லியிருக்கீங்க, அதுக்கு நன்றி.

ரெண்டு ரூம் வீட்டைக் காலி பண்ணிட்டேன். அதே கட்டடத்துல மூணாவது மாடியில ஸ்டுடியோ ஒண்ணு எடுத்திருக்கேன், என் பேர்லயே. பார்மசியில தொடர்றேன்னு சொல்லிட்டேன். ஒரு கட்டில், ஒரு அலமாரி, அதுக்கு மேல இடமில்ல. உங்க துணிமணியைப் பெட்டியில போட்டு என் தோழி சப்ரீனா வீட்ல வச்சிருக்கேன்.

ஒரு வருஷம் கேட்டீங்க, எடுத்துக்குங்க. நடுவுல இந்தப் பக்கம் வர்றதா இருந்தா முன்கூட்டியே சொல்லுங்க. பக்கத்துல நல்ல ஹோட்டலாப் பார்த்து வைக்கிறேன்.

நஜீஹா