நான் விழித்துத்தான் இருந்தேன்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் சுகமாக இருப்பீர்கள். இங்கே உன் அப்பாவின் இருமல் நின்றுவிட்டது, என் கோபம்தான் நிற்கவில்லை. போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்பாய், அதனால் எழுதுகிறேன், முழுதாகப் படி.

காலில் பிளேட் வைத்தார்களே, அந்த ஆபரேஷனின் நடுவில் எனக்கு விழிப்பு வந்துவிட்டது. வலி இல்லை, எலும்பில் துளை போடுவது மட்டும் பல் வரைக்கும் அதிர்ந்தது. கத்தலாம் என்றால் நாக்கு புரளவில்லை, இமைகூட அசையவில்லை. பெரிய டாக்டர் தன் புதுவீட்டுக் குளியலறையில் டைல்ஸ் பெயர்ந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார், கடைக்காரன் அவர் தலையில் நன்றாக மிளகாய் அரைத்துவிட்டானாம், நர்ஸ் சிரித்தாள். நான் ஒருத்தி அங்கே கேட்டுக்கொண்டு கிடக்கிறேன் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மறுநாள் அவர் வார்டுக்கு வந்ததும் சொன்னேன். "மருந்துல கனவு வரும்மா, எல்லாருக்கும் வர்றதுதான்" என்றார். டைல்ஸ் மாத்தியாச்சா டாக்டர் என்று கேட்டேன். மனிதர் முகத்தில் ஈயாடவில்லை. அப்புறமும் கனவுதானாம்! ஓய்வு பெறும்வரை கோர்ட்டில் டைப் அடித்தவள் நான், காதால் கேட்டேன் என்று எத்தனை சாட்சிகள் சொன்னதை டைப் அடித்திருப்பேன், என் காது மட்டும் என்ன பாவம் செய்தது? உன் அப்பா உடனே நம்பினார். எப்படி இருந்தது என்று கேட்டார். பயம் என்றேன், அது இல்லை. பூட்டின அறை மாதிரி என்றேன், அதுவும் இல்லை, பூட்டின அறையில் கதவையாவது தட்டலாம். "புரியுது, புரியுது" என்று தலையாட்டினார், புரியாதபோது ஆட்டுகிற அதே தலை, எனக்குத் தெரியாதா. போகட்டும், புரியாமலே நம்பினாரே. நீ? மிஷினுக்கு மனுஷ பாஷையைப் புரியவைக்கிற உத்தியோகம் என்று பெருமையடிக்கிறாய், பெற்றவள் பேசினால் "டாக்டர் சொன்னா சரியாத்தாம்மா இருக்கும்" என்கிறாய். வயிறு எரிந்துபோனது எனக்கு.

எலும்பு சரியாகக் கூடவில்லை, அடுத்த மாதம் மறுபடி திறக்க வேண்டுமாம். அதே மேஜை, அதே மருந்து. நடந்ததை ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதினால்தான் மயக்க மருந்து கொடுப்பவர் கவனமாக இருப்பார். பெரிய டாக்டரோ, கனவையெல்லாம் எழுத முடியாது என்கிறார். அவர் எழுதாமல் நான் அங்கே படுக்க மாட்டேன், காலை இழுத்துக்கொண்டே காலத்தைத் தள்ளுவேன். நீ பேசினால் கேட்பார். நீ என் வயிற்றில் முதல்முதல் அசைந்த அன்று உன் அப்பா கை வைத்துப் பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை. டாக்டரம்மா, இவ்வளவு சீக்கிரம் தெரியாது, வாயுவாக இருக்கும் என்றாள். நீதான் என்று நான் ஒருத்திதான் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ ஒரு வார்த்தை பேசவில்லையடா, நான் நம்பினேன்.

இரண்டு பேரும் நோய் நொடி இல்லாமல் நன்றாக இருங்கள். நேரத்துக்குச் சாப்பிடு. படித்து முடித்ததும் எனக்குப் போன் போடாதே, முதலில் டாக்டருக்குப் போடு.

இப்படிக்கு,
கனவு காணாத உன் அம்மா