யானைகளை நகர்த்திய சத்தம்

க்ராய்டன், லண்டன்
20.8.2006

அன்புள்ள மாமாவுக்கு,

வாசுகி எழுதிக்கொள்வது. போனில் கூப்பிட்டால் பாதி கார்டு சண்டையிலேயே கரைந்துவிடுகிறது. கடிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது, அதனால் எழுதுகிறேன். நான் சௌக்கியம். உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? சிகரெட்டை விட்டீர்களா என்று கேட்கவில்லை, பதில் தெரியும்.

டிசம்பரோடு என் ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறாயா என்று ஆஸ்பத்திரியில் கேட்கிறார்கள். அக்டோபருக்குள் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் வந்தால் இருக்கிறேன் என்று போன வருஷமே சொன்னேன். "மாசி மகம் முடியட்டும்" என்றீர்கள். அந்த மாசி மகமும் முடிந்தது, அடுத்ததும் வரப்போகிறது. என்னை ரயிலேற்றிய அன்று ஜங்ஷனில் சொன்னீர்களே, "ஒம் பின்னாடி பையத் தூக்கிக்கிட்டு நிக்கச் சொல்றியா?" என்று. காரணம் அதுதான், மாசி மகம் இல்லை.

போகட்டும். சவுண்ட் சர்வீஸ்காரர் பொண்டாட்டி என்பதால் உங்களுக்குச் சொல்லியே தீரவேண்டிய சேதி ஒன்று இருக்கிறது. எங்கள் ஆஸ்பத்திரியில் கட்டில் தள்ளும் டெஸ்மண்ட், சனிக்கிழமைகளில் ஒரு ஹாலில் செட்டு வைக்கிறான். அவன் அப்பாவுக்கு ஜமைக்காவில் இதே தொழிலாம். ஸ்பீக்கர் பாக்ஸெல்லாம் கையால் அடித்தது. நர்ஸுகள் நாங்கள் நாலு பேர் போயிருந்தோம்.

அங்கே போடுவதற்கு டப்ஸ்டெப் என்று பெயர். இந்தப் பக்கத்துப் பையன்கள் சில வருஷமாக உண்டாக்கிவரும் இசை. ஜமைக்காவில் பாட்டிலிருந்து குரலைக் கழற்றிவிட்டுத் தாளத்தையும் அடிச் சத்தத்தையும் மட்டும் விட்டுவைப்பார்களாம், அதற்கு டப் என்று பேர். அதிலிருந்து பாதி, இந்த ஊர் ஆட்டப்பாட்டு ஒன்றிலிருந்து பாதி. பாடுவதற்கு ஆளே கிடையாது. எப்போதாவது ஒரு குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்து போகும். மேலே டிக் டிக் என்று ஓடுகிறது. பழக்கதோஷம், கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். நிமிஷத்துக்கு நூற்று நாற்பது. ஜுரக்காரன் நாடி! ஆனால் ஜனம் அந்த வேகத்துக்கு ஆடவில்லை, பாதி வேகத்தில் தலையை அசைத்துக்கொண்டு நிற்கிறது. நாலு எண்ணினால் மூன்றாவதில்தான் அடி விழுகிறது. மற்ற இடமெல்லாம் காலி. அந்தக் காலிக்குக் கீழே ஓர் உறுமல், காதில் கேட்பதில்லை, விலா எலும்பில் கேட்கிறது. ஜனத்துக்குப் பிடித்துவிட்டால் கூச்சல் போடுகிறார்கள், பெட்டிக்காரன் பாதியில் நிறுத்தி முதலிலிருந்து போடுகிறான்.

ஒரே ஒரு குறை. நான் நின்ற இடத்தில் உறுமலே இல்லை. கொஞ்சம் நகர்ந்தால் நெஞ்சு அதிர்கிறது. இன்னும் நகர்ந்தால் மறுபடி ஒன்றுமில்லை. ஏன் மாமா?

இதோடு சி.டி. ஒன்று வைத்திருக்கிறேன்.

உங்கள்
வாசுகி


விருத்தாசலம்
10.9.2006

அன்புள்ள வாசுகிக்கு,

மாமன் எழுதுவது. கடிதமும் சி.டி.யும் வந்தன. உடம்பைப் பார்த்துக்கொள். இருமல் போய்விட்டது, மற்றதைக் கேட்காததற்கு நன்றி.

சி.டி.யை டி.வி.யில் போட்டுக் கேட்டேன். முழுசாகக் கேட்டேன், பொய் சொல்லவில்லை. டிக் டிக், டொப். டிக் டிக், டொப். தண்ணிக் குழாய் ஒழுகுவதற்குச் சி.டி. எதற்கு? பல்லவி எங்கே, சரணம் எங்கே? இதைக் கேட்க ஹால் நிறைய ஜனம் வருகிறது என்றால், அந்த ஊரில் பொழுதுபோக வேறு வழி இல்லை என்றுதான் அர்த்தம். அங்கே வந்து நான் என்ன செய்ய?

இங்கே எனக்கு ஊரில் ஒரு பேர் இருக்கிறது. மாசி மகத்தில் பழமலைநாதர் தேருக்கு யார் செட்டு என்று கேட்டால் தமிழ்மணி செட்டு என்கிறார்கள். தனக்கோடி புது ஆம்ப்ளிபயர் வாங்கிவந்து என்னை முந்தப் பார்க்கிறான், நடக்காது. அங்கே வந்தால் நான் யார்? நர்ஸம்மா வீட்டுக்காரன். டிசம்பரோடு நீயே வந்துவிடு. இங்கேயும் ஆஸ்பத்திரி இருக்கிறது, இங்கேயும் ஜுரம் இருக்கிறது.

அன்புடன்
தமிழ்மணி


க்ராய்டன்
22.9.2006

அன்புள்ள மாமாவுக்கு,

சிரித்துச் சிரித்து வயிற்றை வலிக்கிறது. எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் "டப்பா சத்தம், டப்பா சத்தம்" என்று அடுத்தவன் செட்டைத் திட்டுகிற நீங்களா டி.வி. பெட்டியில் கேட்டீர்கள்? அந்தச் சின்ன ஸ்பீக்கரில் பேஸ், அந்த அடிச் சத்தம், எங்கேயிருந்து வரும்? பாட்டே கீழேதான் இருக்கிறது மாமா. மேலே இருப்பது வாசல் மட்டும். வாசலைப் பார்த்துவிட்டு வூட்டில் ஆளில்லை என்று திரும்பிவிட்டீர்கள்.

பல்லவியைத் தேடாதீர்கள். ஒரே உறுமல் இறுகும், தளரும், நடுங்கும், ஒரு நொடி எல்லாம் நின்றுபோகும், பிறகு மொத்தமாக விழும். எப்போது விழும் என்று காத்திருப்பதுதான் இதில் ருசி. உங்களிடம் பெரிய பாக்ஸ் இருக்கிறது. அதில் போட்டுக் கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நான் திரும்பி வந்து அங்கே எந்த வார்டில், என்ன சம்பளத்துக்கு நிற்பேன் என்று உங்களுக்கும் தெரியும். இங்கே எனக்குப் பேர் இருக்கிறது, உங்களுக்கு அங்கே இருப்பதுபோல. கெஞ்சப் போவதில்லை. ஆனால் ராத்திரி டூட்டி முடிந்து வந்து கதவைத் திறந்தால் சத்தமே இல்லாத ரூம். அதைத்தான் தாங்க முடியவில்லை.

வாசுகி


விருத்தாசலம்
4.10.2006

அன்புள்ள வாசுகிக்கு,

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், சிரிக்காதே.

ஜெயராஜ் அண்ணனின் செராமிக் பட்டறையில் ஆயுத பூஜைக்கு நம் செட்டுதான். சாயங்காலம் படையல் முடிந்து எல்லாரும் பொரி தின்றுகொண்டிருந்தார்கள். சரி என்று உன் சி.டி.யைப் போட்டேன். பேஸ் பாக்ஸ் இரண்டையும் கொட்டகை ஓரமாகச் சேர்த்து வைத்திருந்தேன். பின்னால் பலகையில், அச்சிலிருந்து எடுத்த களிமண் யானைகள், இன்னும் சூளைக்குப் போகாதவை, வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. அதை நான் யோசிக்கவில்லை.

டிக் டிக் என்றது. பொரி தின்ற வாய் நிற்கவில்லை. அப்புறம் அது விழுந்தது. அடியே! நம்ம உறுமி மேளத்தைக் கிணற்றுக்குள் இறக்கித் தேய்த்த மாதிரி. வேட்டி நடுங்கியது. தகரக் கூரை பேசியது. என் செட்டிலிருந்து இப்படி ஒன்று வரும் என்று எனக்கே தெரியாது. திரும்பிப் பார்த்தால் யானைகள் நடக்கின்றன. உண்மையாகத்தான், பலகையில் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்து விளிம்புக்கு வந்து, பொத்து பொத்தென்று கீழே விழுகின்றன.

நான் ஓடிப்போய் நிறுத்தினேன். ஜெயராஜ் அண்ணன் தலையில் கை வைத்துவிட்டார். அப்போது திரௌபதி, அச்சு ஊற்றுமே அந்தப் பொம்பளை, என்ன சொன்னாள் தெரியுமா? "சுடாத மண்ணுதானேண்ணே, தொட்டியில போட்டுக் கரைச்சி திரும்ப ஊத்திக்கலாம். நீங்க எதுக்குண்ணே பாட்ட நிறுத்துனீங்க? மொதல்லேருந்து போடுங்க!" எல்லாரும் கூச்சல் போட்டார்கள். பலகையைத் தூக்கி மறுபக்கம் வைத்துவிட்டு முதலிலிருந்து போட்டேன். அண்ணனும் தலையை ஆட்டினார், பாதி வேகத்தில்.

குழாய் ஒழுகுகிறது என்று எழுதியதைக் கிழித்துவிடு.

உன் கேள்விக்குப் பதில். அந்த டெஸ்மண்ட் பேஸ் பாக்ஸை ஹாலின் இரண்டு கோடியிலும் ஒவ்வொன்றாக வைத்திருப்பான். இரண்டு சத்தமும் வந்து மோதுகிற இடத்தில் ஒன்றை ஒன்று தின்றுவிடும். நீ அங்கே நின்றிருக்கிறாய். இரண்டையும் நடுவில் ஒட்டிவைக்கச் சொல். அவன் என்ன பலகையில் அடிக்கிறான், உள்ளே எத்தனை அறை, கேட்டு எழுது.

தமிழ்மணி


க்ராய்டன்
20.10.2006

அன்புள்ள மாமாவுக்கு,

நாளைக்கு தீபாவளி. இங்கே மழை.

நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன், இரண்டு வருஷத்துக்கு. உங்களைக் கேட்காமல் போட்டது தப்பென்றால் திட்டுங்கள், ஆனால் திருத்த மாட்டேன். விசாவுக்கான காகிதங்கள் இதோடு இருக்கின்றன. துணைவர் விசாவில் வருகிறவர் வேலையும் பார்க்கலாம். இதற்குமேல் நான் கேட்கப் போவதில்லை. வராவிட்டால் வரவில்லை என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். காத்திருப்பதற்கு இந்தப் பாட்டு மட்டும் எனக்குப் போதும்.

டெஸ்மண்டிடம் சொன்னேன். ஒரு மாதிரியாகப் பார்த்தான். ஆனாலும் பாக்ஸ்களை நடுவில் ஒட்டிவைத்தான். போன சனிக்கிழமை ஹாலில் எந்த மூலையில் நின்றாலும் நெஞ்சு அதிர்ந்தது. யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டான். என் வீட்டுக்காரர் என்றேன். "அவர் ஏன் இங்கே இல்லை?" என்றான்.

பதிலை உங்களுக்கு விட்டுவிட்டேன் மாமா. நீங்களே எழுதுங்கள், நான் அவனுக்குப் படித்துச் சொல்கிறேன்.

பலகை ப்ளைவுட். உள்ளே அறைகள் இருக்கின்றன, எத்தனை என்று வந்து எண்ணிக்கொள்ளுங்கள்.

வாசுகி


விருத்தாசலம்
8.12.2006

என் வாசுகிக்கு,

இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்கு என்னை அங்கே என்னவெல்லாம் திட்டியிருப்பாய் என்று தெரியும். முதல் வாரம் கோபம். கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டாளே என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். திரௌபதியிடமும் சொன்னேன். "அது கேட்டு கேட்டுத்தானேண்ணே போட்டுருக்குது, நீங்க பதில் சொன்னீங்களா?" என்றாள். அதற்கப்புறம் யாரிடமும் சொல்லவில்லை.

பிறகு, வெறுங்கையோடு எழுதக் கூடாது என்று இருந்தேன். சென்னைக்குப் போய்வந்தேன். நேற்று பாஸ்போர்ட் திரும்பி வந்தது, விசா ஒட்டியிருக்கிறது. பொங்கல் கழித்து வருகிறேன்.

மாசி மகம் என்ன ஆகும் என்று கேட்பாய். இந்த வருஷம் தேருக்கு தனக்கோடி செட்டு. நானே அவன் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். நம்பாமல் என் முகத்தையே பார்த்தான். என் பேஸ் பாக்ஸையும் அவனிடம்தான் கொடுக்கிறேன், இரண்டையும் ஒட்டிவைக்கச் சொல்லி. வெளியே வந்த பிறகும் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன், மறைக்க மாட்டேன். ஆனால் சத்தம் என்னிடம்தான் இருக்கிறது, பெட்டியில் இல்லை. அங்கே வந்து வேறே பெட்டி அடிப்பேன். டெஸ்மண்ட் பாக்ஸில் உள் அறை எப்படி இருக்க வேண்டும் என்று வரைந்தே வைத்துவிட்டேன்.

அவன் கேட்ட கேள்விக்குப் பதில்: வந்துகொண்டிருக்கிறார் என்று சொல். யார் என்று மற்றவர்கள் கேட்டால் நர்ஸம்மா வீட்டுக்காரர் என்றே சொல், நான் அதுதானே.

நான் வருகிற அன்று டூட்டி முடிந்து நேரே என்னிடம் வா. களைத்துப் போயிருப்பாய். உன் பையை என்னிடம் கொடு, நான் தூக்கிக்கொண்டு பின்னால் வருகிறேன்.

உன்
தமிழ்மணி