பட்டியலில் நாலாவது இடம்

ஜனவரி 22, 1971, வெள்ளி

மாலையில் தூறல். நாளை நின்றுவிட வேண்டும். ஒன்பதாம் வகுப்பு எக்ஸ்கர்ஷன், 42 பெண்கள். போர்டில் ஒட்டியது: 1. மகாபலிபுரம் ரதங்கள் 2. கடற்கரைக் கோயில் 3. கோவளம் மாதா கோயில், பீச் 4. கோவளம் தர்கா. வாங்க: ஆரஞ்சு மிட்டாய், டிஞ்சர், பஞ்சு.

மும்தாஜின் அப்பா, மார்க்கெட்டில் துணிக்கடை வைத்திருப்பவர், நாலாவதைப் பார்த்துத்தான் சம்மதித்தார். "அவ அம்மாவுக்குப் புதன்கிழமை ஆபரேஷன் டீச்சர். தர்காவுக்குப் போர்வை நேர்ந்திருக்கோம். பொண்ணு கையாலயே போட்டுட்டு வரட்டும். உங்களை நம்பித்தான் அனுப்புறேன்." தலையாட்டினேன்.

23, சனி

வெயில். மகாபலிபுரத்தில் ஒருத்திக்கு மயக்கம், ஒருத்திக்குச் செருப்பு காணோம். கோவளம் சேரவே ஐந்து. பீச்சை விட்டு ஒருத்தியும் அசையவில்லை. இருட்டுமுன் திரும்ப வேண்டும் என்று எச்.எம். உத்தரவு. பட்டியலில் தர்காவைப் பென்சிலால் அடித்துவிட்டேன். மும்தாஜ் ஏதோ சொல்ல வந்தாள். "அப்புறம்" என்று விரட்டினேன்.

பஸ்ஸில் பெயர் கூப்பிட்டேன். தலை நிமிரவில்லை. 42 "உள்ளேன் டீச்சர்".

கேளம்பாக்கத்தில் ஆளுக்கொரு மிட்டாய். ஒன்று மிச்சம். மும்தாஜ் இல்லை.

மும்தாஜின் பக்கத்து சீட் கிரேஸி அழுதாள். பெயர் கூப்பிட்டபோது மும்தாஜுக்கும் சேர்த்துக் குரல் கொடுத்தவள் இவள்தான். "தர்காவுக்கு ஓடிப் போய்ட்டு உடனே வந்துர்றேன்னா. வண்டி கிளம்பிடுச்சு. சொல்லப் பயமாயிருந்தது டீச்சர்."

அழுதுகொண்டே டிரைவரிடம் ஓடினேன். டிரைவர்: "இன்னாத்துக்கு அழுவுறீங்க டீச்சர்? கோவளம் அங்கியேதான் கீது. இதோ திருப்பிக்கினேன்." வழியெல்லாம் அலைதான் கண்ணில்.

தர்கா வரிசையில் நின்றிருந்தாள், போர்வையை மார்போடு பிடித்தபடி. "முன்னாடி ஒரே ஒரு ஆள்தான் டீச்சர்." கேட்கவில்லை நான். முதுகில் ஓர் அடி. கையைப் பிடித்து இழுத்துவந்து ஏற்றினேன்.

24, ஞாயிறு

சர்ச். ஜெபத்தில் மனம் நிற்கவில்லை. ஒரே ஒரு ஆள். ஐந்து நிமிஷம் ஆகியிருக்குமா? என் கோபத்தை என்ன செய்ய.

25, திங்கள்

எச்.எம்.: "பொய்க் குரல் கொடுத்தவ யாரு? டி.சி. கொடுத்துடலாம். பேரை எழுதுங்க." பட்டியலில் தர்காவை அடித்ததும் தலை நிமிராமல் பெயர் கூப்பிட்டதும் நான் என்று எழுதிக் கொடுத்தேன். வேறு பெயர் எழுதவில்லை. படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். நிர்வாகம் கூட்டம் போட்டு முடிவு செய்யுமாம்.

வராந்தாவில் மும்தாஜின் அப்பா. "போர்வை போட்டாச்சா டீச்சர்? பொண்ணு வாயே திறக்க மாட்டேங்குது."

எல்லாம் சொன்னேன். அடித்ததையும். "நாளன்னைக்கு ஆபரேஷன். நான் ஆஸ்பத்திரிய விட்டு நகர முடியாது."

"நாளைக்கு நான் கூட்டிட்டுப் போறேன். காலைல ஆறு மணிக்கு பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன்."

போய்விட்டார்.

26, செவ்வாய்

குடியரசு தினக் கொடியேற்றத்துக்கு வரவில்லை என்று எச்.எம்.முக்குச் சீட்டு. இதற்கும் சேர்த்துக் கேட்பார். ஆறு மணிக்கே பஸ் ஸ்டாண்ட். பனி. வருவாளா, மாட்டாளா.

வந்தாள். கையில் போர்வைப் பொட்டலம். ஏற்றிவிட அப்பாவும் கூட. பஸ் கட்டணத்தை நான் கொடுக்கிறேன் என்றேன், அவர் விடவில்லை.

உங்களை நம்பித்தான் அனுப்புறேன் என்று இந்தத் தடவை அவர் சொல்லவில்லை.